பழைய கணினியில் டெக்ஸ்ட் கோப்பைப் பார்க்க மட்டும் ஒரு சின்ன மென்பொருள்: எது நல்லது?

சின்னத்தாள் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என் பெரியப்பாவின் பழைய கணினி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 486 ரகம், 4 எம்பி நினைவகம், எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளம். ஆச்சரியமாக, சுவிட்சைப் போட்டதும் ஓடுகிறது. அவர் பல வருடங்கள் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து, எது எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தது என்று குறிப்பு எடுத்தவர். அந்தக் குறிப்புகள் எல்லாம் டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கில் 200 கோப்புகளுக்கு மேல், தவிர 3.5 அங்குல ஃபிளாப்பி 12.

எனக்கு எதையும் திருத்த வேண்டாம். படித்தால் போதும். ஆனால் அதிலேயே திணறுகிறேன்.

டைப் கட்டளை கொடுத்தால் எழுத்துகள் கண்மூடித் திறப்பதற்குள் மேலே ஓடிவிடுகின்றன. சில கோப்புகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. சிலவற்றில் ஆங்கிலச் சொல் சரியாக வந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்து மட்டும் கிரேக்க எழுத்து மாதிரி மாறிவிடுகிறது. எடிட் கட்டளையில் ஒரு கோப்பைத் திறந்தேன். கை தெரியாமல் ஏதோ அழுத்தியிருக்கிறேன் போல, மூடும்போது சேமிக்கவா என்று கேட்டது. பயந்து வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

இந்த மாதிரி இயந்திரத்தில் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்?

கறுப்புத்திரை எழுதியது:

முதல் பிரச்சினைக்கு உடனடித் தீர்வு: மோர் (more) கட்டளை. டாஸ் 2-லிருந்தே கூடவே வருகிறது. மோர் என்று அடித்து, இடப்பக்கம் பார்க்கும் கோண அம்புக்குறி போட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஒரு திரை நிரம்பியதும் நிற்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அடுத்த திரை.

டைப்பிலேயே பார்க்க வேண்டுமென்றால் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்துங்கள், ஓட்டம் நிற்கும். கை வேகம் வேண்டும்.

வரிமுறிவு எழுதியது:

தம்பி, வேறு எதுவும் செய்வதற்கு முன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள்.

ஒன்று, அந்த 12 ஃபிளாப்பிகளின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, துளை தெரியும்படி திறந்து வையுங்கள். 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால் எழுத முடியாது. (5.25 அங்குலத்தில் இது தலைகீழ். அங்கே ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் பாதுகாப்பு.) இரண்டு, ஹார்ட் டிஸ்கில் அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போய் அட்ரிப் கட்டளையில் பிளஸ் ஆர் கொடுத்து எல்லாவற்றையும் படிக்க மட்டும் என்று ஆக்குங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் இழந்திருக்கிறேன். என் தந்தை வைத்திருந்த ஒரு கணக்குக் கோப்பை எடிட்டரில் திறந்து, ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தேன். டேப் இடைவெளி எல்லாம் வெற்றிடங்களாக மாறி, பத்திகள் கோணலாகிவிட்டன. அதைக்கூடச் சரிசெய்துவிட்டேன். ஆனால் கோப்பின் தேதி போய்விட்டது. டாஸ் ஒரு கோப்புக்கு ஒரே ஒரு தேதியைத்தான் வைத்திருக்கும், கடைசியாக எழுதிய தேதி. நான் சேமித்த நொடியில் அது அன்றைய தேதி ஆகிவிட்டது. அவர் அதைக் கடைசியாக எப்போது தொட்டார் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் பெரியப்பாவின் குறிப்புகளுக்குத் தேதிதான் உயிர். அவற்றை எடிட்டரில் திறக்கவே திறக்காதீர்கள்.

கறுப்புத்திரை எழுதியது:

வரிமுறிவு ஐயா சொல்வதன் வலி புரிகிறது. ஆனால் எடிட்டரே கூடாது என்பது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். எடிட்டில் மேலும் கீழும் போகலாம், மவுஸ் வேலை செய்யும், தேடலாம். மோரில் ஒரு வரி பின்னால் போக முடியாது. நீளமான குறிப்பில் முன்பு படித்ததைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேமிக்கவா என்றால் இல்லை என்று சொல்லப் பழகினால் போதாதா?

வரிமுறிவு எழுதியது:

200 கோப்புகளில் 199 முறை இல்லை என்று சொல்வோம். 200-ஆவது முறை தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று விழுந்துவிடும். நினைவை நம்பி இதைச் செய்ய வேண்டியதில்லை, எழுதவே தெரியாத மென்பொருள் இருக்கும்போது.

டாஸ் காலத்தில் கோப்புகளைக் கையாள உதவிய நார்ட்டன் கமாண்டரை ஞாபகம் இருக்கிறதா? அதில் பார்ப்பதற்கு எஃப்3, திருத்துவதற்கு எஃப்4. அடுத்தடுத்த விசைதான், ஆனால் இரண்டு வேலையும் வேறு என்று அன்றே பிரித்து வைத்தார்கள். இன்றைக்கு மிட்நைட் கமாண்டர், டோட்டல் கமாண்டர் வரைக்கும் அதே எஃப்3, அதே எஃப்4.

நெகிழ்வட்டு எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது.

உங்களுக்கு வேண்டியது லிஸ்ட். வெர்னான் ப்யூர்க் என்பவர் 1980-களில் எழுதிய சின்ன வியூவர், அதாவது கோப்பைப் பார்க்க மட்டும் உதவும் மென்பொருள். ஷேர்வேராக, அதாவது பிடித்தால் பணம் கட்டலாம் என்ற முறையில், சுற்றிவந்தது. டாஸ் காலத்தில் பலபேர் கணினி வாங்கியதும் முதலில் போட்டுக்கொண்ட மென்பொருள் அது. அம்புக்குறியால் மேலும் கீழும் போகலாம், பக்கம் பக்கமாகப் புரட்டலாம், சொல்லைத் தேடலாம், டபிள்யூ தட்டினால் நீண்ட வரியை மடக்கிக் காட்டும், ஆல்ட்டும் எச்சும் சேர்த்துத் தட்டினால் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் (0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை வைக்கும் சிறு அலகு) எண்ணாகக் காட்டும். கறுப்புத்திரை அண்ணா கேட்ட வசதி எல்லாம் இதில் இருக்கிறது.

எடிட்டருக்கும் வியூவருக்கும் உள்ளே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எடிட்டர் எங்கே வேண்டுமானாலும் எழுத்தைச் செருக அனுமதிக்க வேண்டும். அதனால் பொதுவாக முழுக் கோப்பையும் நினைவகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். டாஸில் நிரல்களுக்குக் கிடைப்பது 640 கேபிக்குள்தான், அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். வியூவருக்கு அந்தத் தேவையே இல்லை. ஒரு திரை 80 எழுத்து, 25 வரி, ஆக 2,000 எழுத்து. அதையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் வட்டிலிருந்து எடுத்தால் போதும். அதனால்தான் நினைவகத்தைவிடப் பெரிய கோப்பையும் லிஸ்ட் சட்டென்று திறந்துவிடுகிறது. ஃபிளாப்பியில் இருக்கும் கோப்புக்குக்கூட விளக்கு ஒருமுறை எரிந்து அணையும், முதல் பக்கம் வந்துவிடும்.

சரி, இப்போது பாதியில் நிற்கும் கோப்பு. டிர் கட்டளையில் அதன் அளவைப் பாருங்கள். 30,000 பைட் என்று இருந்து, கண்ணுக்கு ஒரு திரைதான் தெரிகிறது என்றால், நடுவில் 26 என்ற பைட் உட்கார்ந்திருக்கிறது. கன்ட்ரோல் இசட் என்பார்கள். டாஸுக்கு முந்தைய சிபி/எம் என்ற இயங்குதளத்தின் காலத்தில் கோப்பின் நீளத்தை 128 பைட் கட்டுகளாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டில் எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட 26-ஐ வைத்தார்கள். டாஸ் சரியான நீளத்தை வைத்திருந்தாலும், பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. டைப் கட்டளை 26-ஐக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று நினைத்துவிடுகிறது. அப்படி முடிந்த ஒரு கோப்பின் பின்னால் காப்பி கட்டளையில் ஸ்லாஷ் பி கொடுத்து இன்னொன்றை ஒட்டினால், பழைய 26 நடுவில் மாட்டிக்கொள்ளும். அதற்கு அப்பால் உள்ளது எல்லாம் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம். லிஸ்டில் எண்களாகப் பார்க்கும் முறையில் தெரியும். லிஸ்ட் இல்லையென்றால் காப்பி ஸ்லாஷ் பி, கோப்பின் பெயர், பிறகு கான் (திரைக்கு டாஸ் வைத்த பெயர்) என்று அடித்துப் பாருங்கள். முழுவதும் திரைக்கு வரும்.

இந்த 26-க்கு ஒரு அழகான பின்கதை உண்டு. பிஎன்ஜி படக் கோப்பின் முதல் 8 பைட்டுகளில் 26-ஐ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். டாஸில் யாராவது தெரியாமல் படத்தை டைப் செய்தால், குப்பை கொட்டாமல் அங்கேயே நிற்கட்டும் என்பதற்காக.

கடைசி எழுத்து கிரேக்கமாக மாறுவது வேர்ட்ஸ்டார் என்ற பழைய ஆவண மென்பொருளின் வேலை. பெரியப்பா அதில்தான் எழுதியிருக்கிறார். ஆவண முறையில் வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் மேல் பிட்டைப் போட்டு வைக்கும், அதாவது எழுத்தின் எண்ணோடு 128 கூடிவிடும். ஆங்கிலச் சின்ன ஈ எழுத்தின் எண் 101. 128 கூட்டினால் 229. ஐபிஎம் எழுத்துத் தொகுப்பில் 229 சின்ன சிக்மா. உங்களுக்குக் கிரேக்கம் தெரிவது அதனால்தான். லிஸ்டில் இந்த மேல் பிட்டைக் கழித்துக் காட்டும் வசதி உண்டு. எஃப்1 தட்டினால் வரும் உதவித் திரையில் பாருங்கள். காட்சி மட்டும்தான் மாறும், கோப்பில் ஒரு பைட்டும் அசையாது.

இன்னொன்று. எங்கிருந்தோ வந்த ஃபிளாப்பியில் உள்ளதை டைப் செய்யும்போது கவனம். கான்ஃபிக் கோப்பில் ஆன்சி.சிஸ் என்ற திரை இயக்கியை ஏற்றியிருந்தால், டெக்ஸ்டுக்குள் ஒளிந்திருக்கும் எஸ்கேப் குறியீடுகளை அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நிறம் மாறுவது மட்டுமல்ல, விசைப்பலகையில் ஒரு விசைக்கு வேறு கட்டளையையே ஒட்டிவிட முடியும். லிஸ்ட் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதுவதால் அந்த ஆபத்து இல்லை. எஸ்கேப்பும் அதற்கு இன்னொரு எழுத்து, அவ்வளவுதான்.

இரவுப்பறவை எழுதியது:

நெகிழ்வட்டு, நன்றி. மோர் பற்றி ஒரு சிறு சேர்க்கை. சிலர் முதலில் டைப், நடுவில் நின்ற கோடு, பிறகு மோர் என்று குழாய் போட்டு எழுதுவார்கள். டாஸ் ஒரே நேரத்தில் இரண்டு நிரலை ஓட்டாது. அதனால் டைப்பின் வெளியீடு முழுவதையும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் மோரைக் கூப்பிடும். தற்காலிகக் கோப்புகள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டெம்ப் மாறியை அமைக்காமல், எழுத முடியாத ஃபிளாப்பியில் நின்றுகொண்டு இதைச் செய்தால் பிழைச் செய்திதான் வரும். கறுப்புத்திரை சொன்னபடி கோண அம்புக்குறி போட்டால் தற்காலிகக் கோப்பே உருவாகாது.

கறுப்புத்திரை எழுதியது:

இது எனக்கே புதிது. அம்புக்குறியைப் பழக்கத்தில் சொன்னேன், காரணம் இப்போதுதான் தெரிகிறது.

எடிட் பற்றிய என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். விண்டோஸ் 95-உடன் வந்த எடிட்டில் ஸ்லாஷ் ஆர் கொடுத்தால் படிக்க மட்டும் திறக்கும். ஆனால் 6.22-இல் இருக்கும் எடிட் அது இல்லை. உள்ளே க்யூபேசிக் என்ற நிரல்மொழி மென்பொருளைக் கூப்பிட்டு ஓடும் பழையது, அதில் ஸ்லாஷ் ஆர் கிடையாது. ஆகவே சின்னத்தாளுக்கு லிஸ்ட்தான் சரி.

சின்னத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் வரிமுறிவு ஐயா சொன்ன இரண்டையும் செய்தேன். அப்புறம் நண்பர் ஒருவரிடமிருந்து லிஸ்டை ஒரு புது ஃபிளாப்பியில் வாங்கிவந்து போட்டேன். மேல் பிட்டைக் கழித்ததும் சிக்மாக்கள் மறைந்து ஆங்கிலம் சுத்தமாக வந்தது. பாதியில் நின்ற கோப்பை எண்களாகப் பார்த்தேன். நெகிழ்வட்டு சொன்ன இடத்திலேயே 26. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மாதக் குறிப்புகள்! மிரா என்ற நட்சத்திரம் மங்கி, மறுபடி பிரகாசமாகி வருவதை இரவு இரவாக எழுதியிருக்கிறார். மேகம் மறைத்த இரவுகளுக்கும் ஒரு வரி உண்டு. நேற்று முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கோப்புதான் பிடிபடவில்லை. பிற்காலத்தில் வேறு கணினியில் எழுதி ஃபிளாப்பியில் வைத்திருக்கிறார் போல. அளவு 6,000 பைட்டுக்குக் கொஞ்சம் மேல். தொடக்கத்தில் கவிழ்த்து வைத்த லாடம் மாதிரி ஒரு குறி, பிறகு பெட்டியின் மூலை மாதிரி இரண்டு குறிகள். அதற்குப் பிறகு ஆல்பா, இரட்டைக் கோண அடைப்பு, ஏதோ ஒன்று. மறுபடி ஆல்பா, இரட்டைக் கோண அடைப்பு, வேறொன்று. கோப்பு முழுக்க இப்படியே. கெட்டுப்போய்விட்டதா?

எழுத்துரு எழுதியது:

கெடவில்லை! அது தமிழ்.

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கவிழ்த்த லாடமும் இரண்டு மூலைகளும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடில் யுடிஎஃப்-8 (யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் கோப்பின் தலையில் இந்த மூன்றையும் வைக்கும். அதற்குப் பிறகு வரும் ஆல்பா 224. இரட்டைக் கோண அடைப்பு இடப்பக்கம் பார்த்தால் 174, வலப்பக்கம் பார்த்தால் 175. யுனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். எல்லாமே 224-இல் தொடங்கி, அடுத்தது 174 அல்லது 175 ஆகத்தான் இருக்கும். மூன்றாவது பைட்தான் பெரும்பாலும் எழுத்தைப் பிரித்துக் காட்டும். உதாரணமாக 224, 174, 164 என்றால் த. 224, 175, 141 என்றால் புள்ளி.

ஆக உங்கள் 6,000 பைட்டில் சுமார் 2,000 குறிகள் இருக்கும். தமிழ் என்ற சொல்லுக்கே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறி, 15 பைட். ஒன்றரைப் பக்கக் கடிதம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இயந்திரத்தில் இதைத் தமிழாகப் பார்க்க முடியாது. இன்றைய கணினிக்கு நகலெடுத்துத் திறந்தால் அப்படியே தெரியும். ஒன்று கவனியுங்கள்: மேல் பிட்டைக் கழிக்கும் வசதியை இந்தக் கோப்புக்கு அணைத்துவிடுங்கள். புள்ளியின் கடைசி பைட் 141. அதில் 128 போனால் 13, அது வரித் திருப்பம். வேர்ட்ஸ்டாரும் தானாக மடக்கிய வரியின் முடிவில் இதே 141-ஐத்தான் போடும் என்பது தற்செயலான ஒற்றுமை. வியூவரில் கழித்தால் காட்சி மட்டும் குழம்பும், அணைத்தால் திரும்பிவிடும். ஆனால் மாற்றி எழுதும் நிரல் எதிலாவது கழித்துச் சேமித்திருந்தால், தமிழ் திரும்பி வந்திருக்காது.

இரவுப்பறவை எழுதியது:

உடம்பு சிலிர்க்கிறது. குறிகளின் உருவத்தைச் சொன்னதை வைத்தே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நகலெடுக்கும்போது ஒன்று. லினக்ஸ் கணினிக்குப் போனால் அங்கேயும் எடிட்டருக்குப் போக வேண்டாம், லெஸ் (less) என்ற வியூவர் இருக்கிறது. மார்க் நுடெல்மன் 1980-களில் எழுதியது. பின்னால் போக முடியாத மோருக்கு மாற்றாகத்தான் பிறந்தது. பெரிய கோப்பையும் முழுவதும் படித்து முடிக்கக் காத்திராமல் திறக்கும். மைனஸ் எஸ் கொடுத்தால், எஸ் பெரிய எழுத்தாக, நீண்ட வரிகளை மடக்காமல் நேராக வைக்கும். பத்தி பத்தியாக எண்கள் இருக்கும் குறிப்புக்கு அதுதான் பார்க்க நன்றாக இருக்கும். வேர்ட்ஸ்டார் கோப்பைக் கண்டால், பைனரி மாதிரி இருக்கிறதே, பார்க்கவா என்று கேட்கலாம். ஆம் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது.

புதுவரவு எழுதியது:

இழையோடு ஒட்டிய ஒரு கேள்வி. என்னிடம் விண்டோஸ் 98 கணினி இருக்கிறது. நோட்பேடில் கொஞ்சம் பெரிய கோப்பைத் திறந்தால் வேர்ட்பேடில் திறக்கவா என்கிறது. இன்னும் சில கோப்புகள் ஒரே வரியாக, நடுநடுவே கறுப்புக் கட்டங்களோடு வருகின்றன.

நெகிழ்வட்டு எழுதியது:

முதலாவது, அந்த நோட்பேடின் எல்லை சுமார் 64 கேபி. உள்ளே இருக்கும் எழுத்துப் பெட்டி 16 பிட் காலத்தது, அதற்கு மேல் எண்ணத் தெரியாது. இரண்டாவது, வரி முடிவு. டாஸும் விண்டோஸும் வரி முடிவில் 13, 10 என்று இரண்டு பைட் வைக்கும். யூனிக்ஸ் வழி வந்தவை 10 மட்டும். பழைய மேக் 13 மட்டும். நோட்பேடுக்கு இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் வரி. தனி 10-ஐ அது புரிந்துகொள்ள 2018 வரை ஆயிற்று. டைப்பில் பார்த்தால் தனி 10 உள்ள கோப்பு படிக்கட்டு மாதிரி இறங்கும், தனி 13 உள்ளது ஒரே வரியின் மேல் திரும்பத் திரும்ப எழுதும்.

விண்டோஸ் 98-இல் டாஸ் பெட்டியைத் திறந்து லிஸ்டைப் போடுங்கள். இல்லையென்றால் எடிட் ஸ்லாஷ் ஆர். வேர்ட்பேடில் பார்க்கலாம், ஆனால் சேமித்துவிடாதீர்கள்.

சின்னத்தாள் எழுதியது:

படித்துவிட்டேன்.

எழுத்துரு சொன்னபடி இன்றைய கணினிக்கு நகலெடுத்து லெஸ்ஸில் திறந்தேன். முதல் வரியே தமிழில் வந்து நின்றது. அது கடிதம் இல்லை. எந்த ஃபிளாப்பியில் எந்த ஆண்டுக் குறிப்பு, எந்தத் தொலைநோக்கியில் பார்த்தது, எந்த நட்சத்திரத்தை எதோடு ஒப்பிட்டுப் பிரகாசம் மதிப்பிட்டார் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். இதுவரை புரியாமல் இருந்த சுருக்கெழுத்துகள் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. பிறகு படிக்கப் போகிறவருக்காகவே எழுதியது என்று தெரிகிறது.

வரிமுறிவு ஐயா, கோப்புகளின் தேதிகளை டிர் கட்டளையில் எடுத்து ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்துவிட்டேன். அவர் குறித்த கடைசி இரவும் அந்தக் கோப்பின் தேதியும் ஒரே நாள்.

பட்டியலில் 11 ஃபிளாப்பிகளுக்கு விவரம் இருக்கிறது. 12-ஆவதற்கு எண் மட்டும் போட்டு, எதிரே காலியாக விட்டிருக்கிறார். இன்றிரவு அதைப் போட்டுப் பார்க்கிறேன். துளை திறந்துதான் இருக்கிறது.